எல்லையோரத் தமிழ்வழித் தொடக்க வகுப்புக்கு இணையத்திலிருந்து எதை எடுப்பது, எப்படிச் சோதிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமும், இடுக்கியில் மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டப் பகுதிகளிலும் தமிழ்வழியில் ஒன்று முதல் நான்கு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஆந்திர எல்லையில் பள்ளிப்பட்டு, நகரி, குப்பம் பக்கத்து ஆசிரியர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தமிழில் பாடப்பொருள் இணையத்தில் கிடைப்பதில்லை என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. நிறையவே கிடைக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடநூலுக்காகச் செய்தவை. நம் பிள்ளைகள் கையில் இருப்பதோ கேரளப் பாடநூல். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலையை எந்தத் தளமும் நமக்காகச் செய்து தராது. அந்த வகுப்பின் ஆசிரியர்தான் பார்க்க வேண்டும். தேடுவதில் செலவிடும் நேரத்தைக் குறைத்து, சோதிப்பதில் கூட்ட வேண்டும் என்பதே இந்தப் பதில்களின் அடிப்படை.

எங்கிருந்து தேடத் தொடங்குவது? யூடியூபில் பாடத் தலைப்பைத் தட்டினால் போதாதா?

போதாது. தேடும் முன் பாடநூலைத் திறந்து, இந்தப் பகுதி முடியும்போது பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ‘பின்னம்’ என்று மட்டும் தேடினால் ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, போட்டித் தேர்வு எல்லாம் சேர்ந்து வந்து விழும். ‘ஒரு பொருளைச் சம பங்காக்கி, அதில் ஒரு பங்கைப் படமாகவும் எண்ணாகவும் காட்டுதல்’ என்று எழுதி வைத்திருந்தால், வந்ததில் எது வேண்டாம் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அப்புறம் இந்த வரிசையில் போகலாம். முதலில் பள்ளிக் கல்வித் தொழில்நுட்பத்துக்கான கேரள அரசின் கைட் நிறுவனம் நடத்தும் சமக்ரா தளம். பாடநூல்களும் பாட வாரியான துணைப்பொருள்களும் அங்கே இருக்கின்றன. அடுத்து அதே நிறுவனத்தின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸ் சேனலின் வகுப்புகள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டப் பொருள்கள், கல்வித் தொலைக்காட்சி, 2017-இல் மத்திய அரசு தொடங்கிய தீக்ஷா தளம். கதைக்கு ஸ்டோரிவீவர், கணக்குக்கு நகர்த்திப் பார்க்கும் மாதிரிகள் உள்ள ஃபெட். இவற்றில் கிடைக்காவிட்டால் மட்டும் யூடியூபின் பொதுத் தேடல்.

சமக்ராவில் தமிழில் இருப்பது மலையாளத்தை விடக் குறைவு. ஆனாலும் அதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணக்கும் சூழ்நிலையியலும் தமிழ்வழிக்கும் மலையாள வழிக்கும் ஒரே பாடத்திட்டம்தான்; நம்முடையது அதே நூலின் தமிழ் வடிவம். அதனால் தமிழ்நாட்டுத் தமிழ் வீடியோவை விட, நம் பாடத்துக்கான மலையாள வீடியோவே பல நேரம் நமக்கு நெருக்கமாக இருக்கும். ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டு, நீங்களே தமிழில் சொல்லுங்கள். பிள்ளைகளும் திரையை விட்டுவிட்டு உங்கள் முகத்தையும் பார்ப்பார்கள்.

தமிழ்நாட்டுப் பாட வீடியோக்களை நம் வகுப்பில் அப்படியே போடலாமா?

தமிழ் எழுத்து, பாட்டு, கதை, கூட்டல் கழித்தல் என்றால் பெரும்பாலும் போடலாம். சூழ்நிலையியல் என்றால் அப்படியே போடாதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

‘நமது மாநிலப் பறவை மரகதப்புறா, நமது மாநில மரம் பனை, நமது மலர் செங்காந்தள்’ என்று ஒரு அழகான பாட்டு ஓடுகிறது. கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மாநிலப் பறவை பெரிய இருவாச்சி; மலையாளத்தில் வேழாம்பல் என்பார்கள். மரம் தென்னை, மலர் கொன்றை, விலங்கு யானை. மூணாறில் இன்னும் சுவையான சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மூணாறுக்குப் பக்கத்திலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில்தான் மிக அதிகமாக வாழ்கிறது. பிள்ளை கண்ணால் பார்க்கிற விலங்கு, பக்கத்து மாநிலத்தின் சின்னம். இதை ஒளிக்க வேண்டியதில்லை. இரண்டு மாநிலத்துக்கும் இரண்டு பத்தி போட்டுக் கரும்பலகையில் எழுதினால் நல்ல பாடமாகவே ஆகிவிடும். ஆனால் ஆசிரியர் முன்கூட்டியே பார்த்திருந்தால்தான் அது பாடம், இல்லாவிட்டால் குழப்பம்.

மழையும் அப்படித்தான். தமிழ்நாட்டு வீடியோவில் மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை; வடகிழக்குப் பருவமழை. கேரளத்தில் பள்ளி திறக்கும் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை. குடையும் நனைந்த பையுமாக வந்திருக்கிற பிள்ளையிடம் ‘மழைக்காலம் அக்டோபரில் வரும்’ என்று திரை சொன்னால், பிள்ளை தன் கண்ணை நம்புவதா திரையை நம்புவதா?

ஆறுகளைப் பாருங்கள். மேற்கே மலையில் பிறந்து கிழக்கே ஓடி வங்கக் கடலில் சேரும் என்பது தமிழ்நாட்டு வீடியோக்களில் வரும் வழக்கமான படம். நமக்குப் பாரதப்புழை ஆனைமலைப் பக்கம் பிறந்து மேற்கே ஓடிப் பொன்னானியில் அரபிக்கடலில் சேர்கிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. மற்ற மூன்று கபினி, பவானி, பாம்பாறு. அட்டப்பாடிப் பிள்ளைக்குப் பவானியும் மறையூர்ப் பிள்ளைக்குப் பாம்பாறும் வீட்டுப் பக்கத்து ஆறுகள், அவை கிழக்கே ஓடுகின்றன. ஆக ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஒரு வீடியோ ஒரு பள்ளிக்குச் சரியாகவும் இன்னொன்றுக்குத் தவறாகவும் இருக்கலாம்.

நிர்வாகம் பற்றிய பாடங்களில் ஊராட்சி ஒன்றியம், வட்டாட்சியர் என்று வரும். நம் பிள்ளை வீட்டில் கேட்பது பஞ்சாயத்து, பிளாக், வில்லேஜ் ஆபீஸ். அந்தப் பகுதிகளை வெட்டிவிட்டு நீங்களே நடத்துங்கள்.

வகுப்புக் கணக்கையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பு வரை. கேரளத்தில் எல்.பி. எனப்படும் கீழ்த்தொடக்கப் பிரிவு நான்கோடு முடிகிறது. ‘மூன்றாம் வகுப்பு’ என்று வீடியோவில் எழுதியிருந்தால் அது அவர்கள் மூன்றாம் வகுப்பு. நம் மூன்றாம் வகுப்பில் அதே பாடம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பாடநூலோடு ஒப்பிடுங்கள்.

எண்ணும் எழுத்தும் பொருள்கள் நமக்குப் பயன்படுமா?

நன்றாகவே பயன்படும். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வர வேண்டும் என்று 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய திட்டம் அது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி தருவது அதன் பலம். ஒரே அறையில் இரண்டு வகுப்பைச் சேர்த்து நடத்தும் சின்னப் பள்ளிகளுக்கு இந்த நிலைப் பிரிப்பு மிகவும் உதவும். பாட்டுகளையும் எழுத்துப் பயிற்சிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட வரிசை மட்டும் நம் நூல்படி இருக்கட்டும்.

கொரோனா காலத்து ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தமிழில் இருக்கின்றனவே, அவை போதாதா?

2020 ஜூனில் விக்டர்ஸ் வழியாகத் தொடங்கிய அந்த வகுப்புகள் அந்தக் காலத்துப் பாடநூலுக்கானவை. கேரளத்தில் 1, 3 வகுப்புகளுக்கு 2024-இலும், 2, 4 வகுப்புகளுக்கு 2025-இலும் புதிய பாடநூல்கள் வந்துவிட்டன. தலைப்பு ஒன்றாக இருந்தாலும் உள்ளே பாடம் மாறியிருக்கும். பழைய வகுப்பிலிருந்து ஒரு செய்முறை, ஒரு பாட்டு, ஒரு வரைபட விளக்கம் என்று துண்டாக எடுக்கலாம். முழுப் பாடமாகப் போட வேண்டாம்.

ஒரு வீடியோ நல்லதா என்று எப்படித் தீர்மானிப்பது?

பார்வை எண்ணிக்கையையும் விருப்பக் குறியையும் வைத்து அல்ல. இரண்டாம் வகுப்பு வீடியோவுக்கு லட்சக்கணக்கில் பார்வை இருந்தால், வீட்டில் யாரோ பிள்ளையைச் சாப்பிட வைக்க அதை ஓடவிட்டிருக்கிறார்கள் என்பதற்கு மேல் எதுவும் அதிலிருந்து தெரியாது.

பாடநூலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை தனியாக ஒருமுறை பாருங்கள். முதல் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வகுப்பில் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பிழைகள் பெரும்பாலும் நடுவிலும் கடைசியிலும்தான் இருக்கின்றன. விளம்பரமும் அங்கேதான் வரும்.

அடுத்து ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை. படம் மட்டும் ஏதாவது சொல்கிறதா? செடி வளர்வதைச் சொல்லும் வீடியோவில் செடி வளர்வது தெரியாமல், ஒரு பொம்மைப் பெண் கையை ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தால் அது வீடியோவாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பேச்சை நீங்களே பேசலாம், இன்னும் நன்றாகப் பேசலாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேளுங்கள். வேகம் சரியா? ஏழு வயதுப் பிள்ளை பின்தொடர முடியுமா? பின்னணி இசை குரலை மூழ்கடிக்கிறதா? வகுப்பறைச் சுவர்களுக்குள், மின்விசிறிச் சத்தத்தோடு, சின்ன ஸ்பீக்கரில் அது எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். முடிந்தால் அந்த அறையிலேயே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவதாக, பிள்ளை என்ன செய்கிறது? இதுதான் எனக்கு மிக முக்கியமான கேள்வி. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறதா, எங்கேயாவது நிறுத்தி ‘அடுத்து என்ன ஆகும்?’ என்று கேட்க இடம் இருக்கிறதா? அப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடித்து நிமிடம், நொடியோடு பாடக்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வீடியோவில் இரண்டு இடத்தில் நிறுத்திப் பேசினால் அது கால் மணி நேரப் பாடம். நிறுத்தவே இடமில்லாத வீடியோ, எவ்வளவு அழகாக இருந்தாலும், எல்.பி. வகுப்புக்கு உதவாது.

நான்காவது, யார் செய்தது, எப்போது செய்தது. பெயரும் ஆண்டும் இல்லாத பொருளில் ஒரு பிழை இருந்தால் யாரிடம் சொல்வது? பழையதா என்று கண்டுபிடிக்கச் சில எண்கள் உதவும். தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்றால் அது 2019-க்கு முந்தையது, இப்போது 38. ஆந்திராவில் 13 மாவட்டம் என்றால் 2022-க்கு முந்தையது. இந்தியாவில் 29 மாநிலம் என்றாலும் பழையது. 2019 அக்டோபர் 31 முதல் மாநிலங்கள் 28.

கடைசியாக ஒன்று, வகுப்பு முடிந்த பிறகு. மறுநாள் காலை, வீடியோவைப் பற்றி எதுவும் சொல்லாமல், அதிலிருந்து இரண்டு கேள்வி கேளுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் சொல்ல முடியவில்லை என்றால் அடுத்த வருடம் அது வேண்டாம்.

கணக்கு வீடியோக்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

படங்களை. ஆங்கிலத்திலிருந்து அவசரமாகத் தமிழாக்கிய வீடியோக்களில் கூட எண்கள் சரியாக இருக்கும், படம்தான் தவறும். கால் பங்கு என்று காட்டும் வட்டம் நான்கு சம பங்காக இருக்கிறதா? வட்டத்தைக் குறுக்கே மூன்று கோடு போட்டு நான்காக்கினால் அவை சமமில்லை. ‘சம பங்கு’ என்பதுதான் பாடமே. அதைப் படம் உடைத்துவிட்டால் பேச்சால் ஒட்டவைக்க முடியாது.

முக்கோணம் எப்போதும் அடிப்பக்கம் தரையில் படுத்தே இருக்கிறதா? அப்படி மட்டும் பார்த்த பிள்ளை, தலைகீழாக வரைந்தால் அது முக்கோணம் இல்லை என்று சொல்லும். சதுரத்தைச் சாய்த்து வைத்தால் வேறு பெயர் சொல்லும். வேறு வேறு நிலையில் காட்டாத வீடியோ என்றால், அட்டையில் வெட்டிய உருவங்களைக் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பின்னால் உடையப்போகிற விதிகள். ‘பெருக்கினால் எண் பெரிதாகும்’, ‘சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கவே முடியாது’, ‘பத்தால் பெருக்கினால் ஒரு சுழியம் சேர்த்தால் போதும்’ போன்றவை. மூன்றாம் வகுப்பில் வேலை முடிந்துவிடும். மேல்தொடக்கப் பிரிவான யு.பி.க்குப் போய்ப் பின்னமும் தசமமும் குறை எண்ணும் வரும்போது பிள்ளை திணறும். குறுக்கு வழி சொல்லும் வீடியோக்களை இந்தக் காரணத்துக்காகவே நான் ஒதுக்கிவிடுவேன்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் தளத்தில் பின்னம், பரப்பு, எண்ணல் ஆகியவற்றுக்கு நகர்த்திப் பார்க்கும் மாதிரிகள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, பலவற்றுக்குத் தமிழும் உண்டு. இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். ஆசிரியர் இயக்கிக் காட்டுவதை விட, ஒரு பிள்ளையை முன்னால் வரச்சொல்லி மவுஸைக் கையில் கொடுங்கள். மற்றவர்கள் எங்கே நகர்த்த வேண்டும் என்று சொல்லட்டும்.

அறிவியல், சூழ்நிலையியல் பொருள்களில் அடிக்கடி வரும் பிழைகள் எவை?

நாக்கின் நுனியில் இனிப்பு, பக்கத்தில் புளிப்பு என்று பிரித்துக் காட்டும் படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுவை நாக்கில் அப்படிப் பங்கு பிரிந்து இல்லை. சுவை மொட்டு உள்ள எல்லாப் பகுதியும் எல்லா அடிப்படைச் சுவையையும் உணரும். செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் மட்டும் சுவாசிக்கும் என்பதும் தவறு. செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. சிலந்தியைப் பூச்சியோடும் வௌவாலைப் பறவையோடும் திமிங்கலத்தை மீனோடும் சேர்க்கும் பட அட்டைகள் ஏராளம். சிலந்திக்கு எட்டுக் கால், பூச்சிக்கு ஆறு. பிள்ளைகளையே எண்ணச் சொன்னால் அவர்களே திருத்திவிடுவார்கள்.

வரைபடம் என்றால் இந்திய நில அளவைத் துறை வெளியிட்டிருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். வெளிநாட்டுத் தளங்களின் இந்திய வரைபடத்தில் காஷ்மீர் எல்லை வேறாக இருக்கும்.

உள்ளூர்ப் பொருளுக்கு ஒரு யோசனை. உலகப் பறவை ஒலிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஸீனோ-கான்டோ தளத்தில் பெரிய இருவாச்சியின் குரல் கிடைக்கும். நெல்லியாம்பதி, பரம்பிக்குளம் காடுகளில் அது இருக்கிறது. கார்ட்டூன் பறவையை விட அந்தக் குரல் வகுப்பை அமைதியாக்கும்.

தமிழ் எழுத்துப் பாடங்களில் உச்சரிப்பை எப்படிச் சோதிப்பது?

மூன்று சொல் வரிசையை மட்டும் கேளுங்கள்: வால், வாள், வாழ்; மரம், மறம்; மனம், மணம். இவை சரியாக ஒலிக்காத குரலை எழுத்து அறிமுகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கணினியே படிக்கும் குரல் இப்போது எல்லா இடத்திலும் வந்துவிட்டது. அதில் ழகரமும் சொற்களுக்கு நடுவே வரும் க, ச, த ஒலிகளும் பிசகுகின்றன. எழுத்தை வரையும் திசையைக் காட்டும் அசைவுப் படங்களில், கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று உங்கள் கையால் கூடவே எழுதிப் பாருங்கள். மொத்தம் 247 எழுத்து என்று சொல்லிவிட்டு ஆய்தத்தைக் காட்டாமலே முடியும் வீடியோவும் உண்டு.

என் கருத்தில், முதல் வகுப்பில் எழுத்தின் ஒலியைப் பிள்ளை ஆசிரியரின் வாயிலிருந்தே முதலில் கேட்க வேண்டும். உதடும் நாக்கும் அசைவதைப் பிள்ளை பார்க்கிறது. வீடியோ இரண்டாவதாக வரட்டும்.

பிள்ளை வீட்டில் மலையாளமோ தெலுங்கோ பேசுகிறது. எந்தப் பொருள் உதவும்?

இருமொழிக் கதைகள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை, அதே படங்களோடு, பல நேரம் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் கிடைக்கும். பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் முதலில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, அப்புறம் தமிழில் படிக்கக் கொடுங்கள். கதை முன்பே தெரிந்திருப்பதால் பிள்ளையின் கவனம் முழுவதும் எழுத்தில் இருக்கும். பள்ளிப்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசிப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். அங்கே 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லோருக்கும் தமிழ் கட்டாயப் பாடம். ஆனால் பிள்ளை தமிழ் வாய்ப்பேச்சே வராத நிலையில் அ, ஆ எழுத ஆரம்பிக்கிறது. படத்தைப் பார்த்து நாலு வாக்கியம் பேச வைக்காமல் எழுத்துச் செயலியைத் திறக்க வேண்டாம்.

ஸ்டோரிவீவரில் கதைகள் நான்கு நிலையில் உள்ளன. முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை. எல்.பி.க்கு முதல் இரண்டு நிலை போதும். எச்சரிக்கை ஒன்று: யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் எல்லாத் தமிழும் ஒரே தரத்தில் இருக்காது. அட்டையில் யார் வெளியிட்டது என்று பாருங்கள். அப்புறம் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கினால் பிள்ளைக்கும் தடுக்கும்.

சிங்கப்பூர் போன்ற இடங்களில் தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கான பொருளும் இவர்களுக்கு உதவலாம். ஆங்கில எழுத்தில் தமிழைக் காட்டும் செயலிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பழைய நூல்களின் பி.டி.எஃப். நிறைய இருக்கிறதே?

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் வேறு வடிவில் இருக்கும். பிள்ளைகளுக்குத் தர வேண்டாம். பாட்டையும் கதையையும் நீங்கள் எடுத்து எழுதிக்கொள்ளலாம். வானவில், பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு புரியாத குறிகளாகத் திறந்தால், யூனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள்.

எஸ்டேட் பள்ளியில் நெட் கிடைப்பதில்லை. என்ன செய்வது?

இறக்கி வைத்துக்கொள்ள முடியாத எதையும் பாடத்திட்டத்தில் சேர்க்காதீர்கள். தீக்ஷா செயலியில் பாடங்களை முன்கூட்டியே இறக்கலாம். ஸ்டோரிவீவர் கதை பி.டி.எஃப்.ஆக வரும். சனிக்கிழமை டவுனுக்கு வரும்போது எடுத்துப் பென்டிரைவில் வகுப்பு வாரியாகப் போட்டுவிடுங்கள். பள்ளி லேப்டாப்பில் ஒலியோடு ஓடுகிறதா என்று திங்கட்கிழமை பிள்ளைகள் வருவதற்குள் பாருங்கள். கரண்டும் போய்விட்டால் அதே கதையின் அச்சுப் பிரதி ஒன்று கையில் இருக்கட்டும்.

படம், பயிற்சித்தாள் எல்லாம் நகலெடுத்துக் கொடுக்கலாமா? காப்புரிமை?

1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போது ஒரு படைப்பை நகலெடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை. வகுப்புக்கு ஒரு பக்கத்தை நகலெடுப்பது அதில் அடங்கும். விலைக்கு விற்கும் முழுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் பரப்புவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். நீங்களே பயிற்சித்தாள் தயாரித்துப் பொதுவில் ஏற்றுவதாக இருந்தால் மற்றவர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள படங்களை எடுத்து, வரைந்தவர் பெயரைக் கீழே போடுங்கள்.

விளையாட்டுச் செயலிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

பதிவு செய்யச் சொல்லிப் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, போன் எண் கேட்கும் செயலி என்றால் வேண்டாம். 2023-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைப் பெறப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அந்தச் சம்மதத்தை ஆசிரியர் தானே கொடுத்துவிடக் கூடாது. நடுநடுவே விளம்பரம் வரும் செயலியும் வேண்டாம். சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே கைதட்டல் ஒலிக்கும் செயலி எதையும் கற்றுத் தருவதில்லை.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தினமும் லிங்க் அனுப்பலாமா?

தினமும் வேண்டாம். தோட்டத்தில் வேலைக்குப் போகிற வீட்டில் போன் ஒன்றுதான் இருக்கும். அது மாலையில்தான் வீட்டுக்கு வரும். வாரம் ஒன்று, சில நிமிடத்துக்குள், போன் இல்லாத பிள்ளை மறுநாள் பின்தங்காத வகையில் அனுப்புங்கள். கதை என்றால் உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்புவது லிங்கை விட நல்லது. டீச்சர் குரல் என்றால் பாட்டியும் சேர்ந்து கேட்பார்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டுப் பயிற்சித்தாள் தயாரிக்கலாமா?

முதல் வரைவுக்குக் கேட்கலாம். கணக்குக்கு வெவ்வேறு எண்களில் இருபது கேள்வி வேண்டும் என்றால் நேரம் மிச்சமாகும். விடைகளை நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும். தமிழ்க் கதை, விடுகதை, பழமொழி கேட்டால் கவனம். இல்லாத பழமொழியை இருப்பது போலவே எழுதித் தரும், ரகர றகரப் பிழையும் வரும். அது வரையும் படத்தில் தமிழ் எழுத்து இருந்தால் எழுத்தே சிதைந்திருக்கக்கூடும். எழுத்துப் பழகும் பிள்ளை முன்னால் அதை வைக்கக் கூடாது. உள்ளூர்ச் செய்தி எதையும் அதைக் கேட்டு எழுத வேண்டாம். சித்தூர் என்றால் பாலக்காட்டுச் சித்தூரா ஆந்திரச் சித்தூரா என்று அது குழம்பிக்கொள்ளும்.

சோதித்துத் தேர்ந்தெடுத்தவற்றை எப்படிச் சேர்த்து வைப்பது?

ஒரு நோட்டுப் போதும். வகுப்பு, பாடம், முகவரி, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, எங்கே நிறுத்த வேண்டும், எதைத் திருத்திச் சொல்ல வேண்டும், பார்த்த தேதி. கடைசியாக, மறுநாள் பிள்ளைகள் எப்படிப் பதில் சொன்னார்கள் என்று ஒரு சொல். பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து பாடம் திட்டமிடும் எஸ்.ஆர்.ஜி. கூட்டத்தில் ஆளுக்கு ஒரு பாடமாகப் பிரித்துக்கொண்டால் ஒருவர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் கிளஸ்டர் கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு போங்கள். பக்கத்துப் பள்ளித் தமிழ் ஆசிரியரும் இதே பாடத்துக்குத்தான் தேடிக்கொண்டிருப்பார். லிங்க் மட்டும் கொடுக்காமல் ‘எதைத் திருத்த வேண்டும்’ என்ற பகுதியையும் சேர்த்துக் கொடுங்கள். மே மாதக் கடைசியில் ஒருமுறை எல்லா முகவரியையும் திறந்து பாருங்கள். திறக்காததையும், புதிய பாடநூலோடு ஒட்டாததையும் அடித்துவிடுங்கள்.